பிராதும் அமைப்பும்: விருத்தாசலத்தில் ஒரு குடும்பச் சிகிச்சையாளரைத் தேடுதல்

1. கேள்வி

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் எழுந்தருளியிருக்கும் கொளஞ்சியப்பரைத் தரிசிக்கச் செல்பவர்களில் பலர் கையில் ஒரு காகிதத்தோடு செல்கிறார்கள். மற்றத் தலங்களில் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளப்படும் வேண்டுதல் இங்கே எழுத்தில் வைக்கப்படுகிறது. எழுதிய காகிதம் சந்நிதியில் வைக்கப்பெற்று, விபூதியோடு பொட்டலமாக மடிக்கப்பட்டு, முனியப்பர் முன்னுள்ள வேலில் கட்டப்படுகிறது. அதற்குப் பிராது என்று பெயர். பாரசீகத்தில் பிறந்து, உருது வழியாகக் கச்சேரிக்கு வந்து, கச்சேரியிலிருந்து கோயிலுக்குச் சென்ற சொல் அது. காரியம் கைகூடிய பின் மீண்டும் வந்து அந்தப் பிராதை ராஜினாமாச் செய்துகொள்வதும் வழக்கம். திருட்டு, கடன், நிலத் தகராறு ஆகியவற்றோடு, பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பதிகளின் துயரமும், பெற்றோர் சொல்லுக்கு அடங்காத பிள்ளையைப் பற்றிய கவலையும் இவ்வாறு தெய்வத்தினிடம் ஒப்படைக்கப்படுகின்றன.

இதே துயரங்கள் ஊரிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்திற்கும் செல்கின்றன. பங்காளிகளும் சம்பந்திகளும் கூடிப் பேசும் பஞ்சாயத்துக்கும் செல்கின்றன. இறுதியில் சில நீதிமன்றத்தையும் அடைகின்றன. இவ்விடங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நியாயமும் பயனும் உண்டு. ஆயினும் இவை யாவற்றுக்கும் பொதுவான ஓர் இலட்சணம் இருக்கிறது: இங்கெல்லாம் நுழைவதற்குக் குறை கூறுபவர் ஒருவரும், குறை கூறப்படுபவர் ஒருவரும் வேண்டும். வாதியும் பிரதிவாதியும் இல்லாமல், ஒரு குடும்பம் முழுவதும் ஒரே அறையில் அமர்ந்து, தன் நோவைத் தானே பார்த்துக்கொள்வதற்கு உரிய இடம் எது என்று கேட்டால், மனநல வைத்தியத்தில் 'ஸ்ட்ரக்சுரல் ஃபேமிலி தெரபி' எனப்படும் குடும்ப அமைப்புச் சிகிச்சையை ஒரு விடையாகக் காட்டலாம். விருத்தாசலம் போன்றதொரு தாலூகா நகரத்தில் வசிக்கும் குடும்பம் அச்சிகிச்சையை எங்கே, எவரிடம், எந்த அடையாளத்தைக் கொண்டு தேடுவது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. பெயர்ப்பலகையைத் தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்புவார்; தொழிலின் தன்மையை அறிந்து தேடுகிறவருக்கு வழி உண்டு; அவ்வழியும் போதாதென்பதால், அத்தொழிலை அறிந்தவர்களை ஊரிலேயே உருவாக்குவது நம் கடமை என்பது என் முடிபு.

2. இச்சிகிச்சை பிறந்த விதம்

இம்முறையை வகுத்தவர் சால்வடார் மினூச்சின். 1921இல் அர்ஜென்டினாவில், யூதக் குடியேறிகளின் குடும்பமொன்றில் பிறந்த அவர், மருத்துவம் பயின்று குழந்தைகளின் மனநல வைத்தியராகி, நியூயார்க் மாநிலத்தில் வில்ட்விக் என்னும் சிறுவர் பள்ளியில் பணியாற்றினார். குற்றம் புரிந்தவர்கள் என்று அங்கே அனுப்பப்பட்ட சிறுவர்கள் பெரும்பாலும் நகரத்து ஏழைக் கறுப்பினக் குடும்பங்களிலிருந்தும் போர்ட்டோ ரிக்கோக் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். தனியறையில் ஒரு சிறுவனை வைத்துக்கொண்டு அவன் மனத்தை மட்டும் ஆராய்வதால் பயன் அதிகம் விளையவில்லை என்பதையும், அவன் திரும்பிச் செல்லும் வீடு மாறாதவரையில் அவன் மாறுவது அரிது என்பதையும் கண்ட மினூச்சினும் அவருடைய சகாக்களும், குடும்பத்தையே அழைத்து உட்காரவைத்துப் பார்க்கத் தொடங்கினர். அந்த அனுபவம் 1967இல் சேரிக் குடும்பங்களைப் பற்றிய ஒரு நூலாக வெளிவந்தது. 1965 முதல் பிலடெல்ஃபியா குழந்தை வழிகாட்டு நிலையத்தின் தலைவராக இருந்த காலத்தில் முறை முதிர்ந்தது. 1974இல் வெளியான 'குடும்பங்களும் குடும்பச் சிகிச்சையும்' என்ற நூல் அதன் சித்தாந்தத்தை முழுமையாக விளக்கிற்று. மினூச்சின் 2017இல் காலமானார்.

சித்தாந்தத்தின் சாரம் எளியது. ஒரு குடும்பத்தில் யார் யாரோடு பேசுகிறார், யார் யாருக்காகப் பதில் சொல்கிறார், யார் முகத்தைப் பார்த்து யார் வாய் மூடுகிறார் என்பவை நாள்தோறும் திரும்பத் திரும்ப நிகழ்ந்து ஒரு வடிவமாக இறுகிவிடுகின்றன. அந்த வடிவமே அமைப்பு. கணவன் மனைவி, பெற்றோர், உடன்பிறந்தார் என்னும் உட்குழுக்களுக்கிடையே வரம்புகள் உண்டு. வரம்பு அழிந்துபோனால் ஒருவர் தலைவலி இன்னொருவர் தலையில் ஏறும்; வரம்பு மதிலாகிவிட்டால் ஒருவர் அழுவது அடுத்த அறைக்குக் கேளாது. பிள்ளையின் நோயென்று தோன்றுவது, பல சமயங்களில், பெற்றோரிடையே பேசப்படாத ஒன்றின் இடத்தை நிரப்பிக்கொண்டு நிற்கிறது.

இதை விளங்கிக்கொள்ள, பீங்கான் தொழிலை அறிந்த விருத்தாசலத்தார் வேற்றூர் உவமையைத் தேடவேண்டியதில்லை. தேநீர்க் கோப்பையை அச்சில் வார்த்து எடுத்தபின், கைப்பிடியைத் தனியே செய்து, களிக் குழம்பு தடவி ஒட்டுவார்கள். கோப்பையும் கைப்பிடியும் ஒரே பக்குவ ஈரத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றாகச் சுருங்கி ஒன்றாகக் காயும். ஒன்று காய்ந்தும் மற்றது ஈரமாயும் இருக்கும்போது ஒட்டிவிட்டால், இணைந்த இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் விழும். சூளையிலிருந்து எடுக்கும்போது கைப்பிடி கையோடு வந்துவிடுகிறது. கைப்பிடி மோசம் என்று அதைக் கையிலெடுத்துப் பார்ப்பவனுக்கு அதில் ஒரு குறையும் தென்படாது. குறை இருந்தது இரண்டும் கூடிய இடத்தில்.

3. அறைக்குள் நடப்பது

ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பள்ளி நாள்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி வருகிறது. வைத்தியர்கள் பரிசோதித்து உடலில் கோளாறு இல்லையென்று சொல்லிவிட்டார்கள். தந்தை நெய்வேலிக்கு ஷிப்டு வேலைக்குச் செல்பவர். தாயும், தந்தையைப் பெற்ற பாட்டியும் வீட்டில் இருக்கிறார்கள். நால்வரும் அறைக்குள் நுழைகிறார்கள். பையன் அம்மாவுக்கும் பாட்டிக்கும் நடுவே உட்காருகிறான். தந்தை வாசற்பக்கத்து நாற்காலியில், செருப்பைக் கழற்றிய இடத்துக்கு அருகிலேயே அமர்கிறார். "தம்பி, எந்த நேரத்துல வலி வருது?" என்று சிகிச்சையாளர் கேட்கிறார். "ஆறரைக்கெல்லாம் ஆரம்பிச்சுடுதுங்க" என்று தாய் பதில் சொல்கிறாள். "அவ திட்டறதாலதான் வருது" என்கிறாள் பாட்டி. தந்தை ஏதோ சொல்ல வாயெடுத்துத் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். பையன் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறான். மூவரும் உடனே அவன் பக்கம் திரும்புகிறார்கள்.

சாதாரணமாகப் புத்தி சொல்பவர் இந்த இடத்தில் தாயிடம் பொறுமையையும், பாட்டியிடம் விட்டுக்கொடுத்தலையும், பையனிடம் தைரியத்தையும் உபதேசிப்பார். அமைப்புச் சிகிச்சையாளர் உபதேசிப்பதில்லை, இடம் மாற்றுகிறார். பையனை எழுப்பிச் சற்று அப்பால் உட்காரச் சொல்லி, தந்தையைத் தாய்க்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லி, "நாளைக்குக் காலையில இவன் எத்தனை மணிக்குக் கிளம்பணும், வலிச்சா யார் என்ன செய்யறதுன்னு நீங்க ரெண்டு பேரும் இப்ப இங்கயே பேசி முடிவு பண்ணுங்க" என்கிறார். பாட்டியை அவர் ஒதுக்கிவிடுவதில்லை. "நீங்க என் பக்கத்துல வந்து உக்காருங்கம்மா. எத்தனையோ குடும்பத்தப் பாத்தவங்க நீங்க, இவங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசறாங்கன்னு நம்ம பாப்போம்" என்று மரியாதையான ஓர் ஆசனத்தை அவருக்கு அளிக்கிறார். கணவனும் மனைவியும் தொடங்குகிறார்கள். இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறுகிறார்கள். தாய் பழக்கத்தினால் பையனைப் பார்க்கிறாள். சிகிச்சையாளர் கையசைத்து மறுபடியும் அவளைக் கணவன் பக்கம் திருப்புகிறார். வீட்டில் நடப்பதைப் பற்றிப் பேசுவதற்குப் பதிலாக, அதையே கண்ணெதிரே நிகழச்செய்து, நிகழும்போதே திருத்துவது இம்முறையின் பிரத்தியேகமான உபாயம். முதற்கண் குடும்பத்தோடு கலந்து அவர்களுள் ஒருவர்போல் ஆகும் சாமர்த்தியமும், பிறகு துணிந்து தலையிடும் திடமும் ஆகிய இரண்டும் இதற்கு வேண்டும்.

4. தமிழ்க் குடும்பத்திற்கு இது பொருந்துமா?

பிலடெல்ஃபியாவில் முதிர்ந்த ஒரு முறை திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்திற்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானதே. கணவன், மனைவி, மக்கள் என்ற சிறு வட்டத்தைக் குடும்பமென்று கொள்ளும் இடத்தில் வரையப்பட்ட படத்தில், நம்முடைய தாய்மாமனை எங்கே வைப்பது? தென்னிந்திய உறவுமுறையை ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், 1957இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மணவழி உறவு இங்கே ஒரு தலைமுறையோடு முடிந்துவிடுவதன்று, தலைமுறை தலைமுறையாகப் பரம்பரைச் சொத்துப்போல் தொடர்வது என்று காட்டினார். காதுகுத்துக்கு மடி கொடுப்பவரும், சடங்குக்குச் சீர் கொண்டு வருபவரும், தங்கை அழுதால் முதலில் வந்து நிற்பவருமாகிய தாய்மாமன், அறைக்குள் நாற்காலி இல்லாவிட்டாலும் அமைப்புக்குள் இருக்கிறார். நாத்தனாரும் கொழுந்தனும் அவ்வாறே. இவர்களை விட்டுவிட்டு வரையும் குடும்பப் படம் தமிழ் வீட்டின் படமாகாது.

இன்னொரு எச்சரிக்கை மார்கரெட் டிராவிக் என்னும் மானிடவியலாளரிடமிருந்து கிடைக்கிறது. தமிழ்க் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து, அதில் அன்பு இயங்கும் விதத்தை 1990இல் ஒரு நூலாக எழுதிய அவர், இங்கே அன்பின் முதல் இலட்சணம் அடக்கம் என்று கண்டார். தாய் தன் குழந்தையை அன்போடு உற்றுப் பார்த்தால் கண்பட்டுவிடும் என்று பார்வையைத் திருப்பிக்கொள்கிறாள்; கணவன் மனைவி பாசத்தைப் பிறர் முன்னிலையில் காட்டுவது முறையன்று. இதை அறியாத சிகிச்சையாளர், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பாராமல் பேசுவதைக் கண்டு விலகல் என்று குறித்துக்கொள்வார்; பாட்டியோடு பாயில் படுத்துறங்கும் பேரனைக் கண்டு வரம்பு அழிந்ததென்று எழுதிவிடுவார். இரண்டும் தவறாக இருக்கக்கூடும்.

எனினும் இந்த ஆட்சேபங்கள் முறையை அழிப்பதில்லை. அதைப் பயில்பவரின் கண்ணைக் கூர்மையாக்குகின்றன. எந்தக் குடும்பம் சரியான குடும்பம் என்று மினூச்சின் ஓர் அளவுகோலை நாட்டிவிடவில்லை. அந்தந்தக் குடும்பம் தன் காரியத்தை நடத்திக்கொள்ள முடிகிறதா என்பதே பார்க்கப்படவேண்டியது. மயாமி நகரில் ஹோசே சபோஸ்னிக் என்பவரும் அவருடைய குழுவினரும், கியூபாவிலிருந்து குடியேறிய குடும்பங்களுக்கு இம்முறையை 1970களிலிருந்து இசைவித்துக்கொண்டது ஒரு நல்ல முன்மாதிரி. பெற்றோர் மரியாதையும் உறவினர் நெருக்கமும் மிகுந்த அக்குடும்பங்கள் நம் குடும்பங்களுக்கு வெகு தூரத்தில் இல்லை. குடும்பத்தில் ஒருவர் மட்டுமே வந்தாலும், அவர் வழியாகவே அமைப்பை அசைக்க முடியும் என்று அவர்கள் 1983இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார்கள். கணவன் வளைகுடா நாட்டில் இருக்க, மாமியார் வர மறுக்க, தனியே வந்து நிற்கும் பெண்ணுக்கு இம்முடிவு ஆறுதலானது.

5. ஆதாரங்களும் ஆட்சேபங்களும்

ஒரு சிகிச்சையைப் பரிந்துரைப்பவன் அதன் ஆதாரத்தின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே சொல்லவேண்டும். 1978இல் மினூச்சின் குழுவினர், உணவை மறுத்து உடல் மெலியும் நோயுற்ற 53 இளம்பருவத்தினருக்குக் குடும்பச் சிகிச்சை அளித்து, அவர்களுள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் நலம் பெற்றதாக வெளியிட்டனர். அது வியக்கத்தக்க பலனே. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சிகிச்சை பெறாத வேறொரு குழு அந்த ஆராய்ச்சியில் இல்லை. பிற்காலத்தில் அந்நோய்க்கு வகுக்கப்பட்டு, முறையாகப் பரிசோதிக்கப்பெற்ற குடும்பச் சிகிச்சைகள் இதன் வழித்தோன்றல்கள் என்பதும், அவை குடும்பத்தைக் குற்றவாளியாகக் கருதும் போக்கை வெளிப்படையாகக் கைவிட்டன என்பதும் சேர்த்து நினைக்கத்தக்கவை.

இரண்டாவது ஆட்சேபம் பெண்ணியர்களுடையது. ரேச்சல் ஹேர்-மஸ்டின் 1978இலேயே எழுதிய கட்டுரையில், குடும்பச் சிகிச்சை ஆண் பெண் ஏற்றத்தாழ்வைக் காணாமல், பழைய ஏற்பாட்டையே ஆரோக்கியமென்று நிலைநாட்டிவிடக்கூடும் என்று எச்சரித்தார். நம் நாட்டில் இவ்வெச்சரிக்கைக்கு இரட்டைப் பொருள் உண்டு. எல்லாரும் ஓர் அமைப்பின் பகுதிகள், எவர்மீதும் குற்றமில்லை என்ற கொள்கை, அடிக்கும் கணவனுக்கும் அடிபடும் மனைவிக்கும் பொறுப்பைச் சமமாகப் பங்கிட்டுவிட்டால், அது சிகிச்சையாகாது, அநீதியாகிவிடும். ஆகையால் அடியும் மிரட்டலும் உள்ள வீட்டிற்கு முதலில் வேண்டுவது பாதுகாப்பு. அங்கே பிராதுக்கு இடமுண்டு; வாதியும் பிரதிவாதியும் உண்டு; 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், அதன்கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலரும், 181 என்ற மகளிர் உதவி எண்ணும் அதற்காகவே ஏற்பட்டவை. குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098. அவ்வாறே, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, சித்தப்பிரமையோ, கடும் குடிப்பழக்கமோ இருக்குமிடத்தில் மனநல மருத்துவரின் நேரடிச் சிகிச்சை முதலில் வரவேண்டும். குடும்பச் சிகிச்சை அதன் துணையாக நடக்கலாம்.

6. வாயில்கள்

இனித் தேடலுக்கு வருவோம். இந்தியாவில் 'குடும்பச் சிகிச்சையாளர்' என்ற பெயருக்குத் தனியான உரிமமோ அரசுப் பட்டியலோ கிடையாது. அப்பெயரை எவரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அத்தொழிலைச் செவ்வனே அறிந்தவர் அப்பெயரை எழுதாமலும் இருக்கலாம். போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் 'கவுன்சிலிங்' என்ற சொல் பொறியியற் கல்லூரியில் இடம் ஒதுக்குவதையும் காவல் நிலையத்தில் சமாதானம் பேசுவதையும் ஒருங்கே குறிப்பதால், அச்சொல்லைக் கொண்டு தேடுகிறவர் வழி தவறுவது எளிது. தேடவேண்டியது மூன்று வகைத் தொழிலினரை.

முதலாவது, மனநலச் சமூகப் பணியாளர். ஆங்கிலப் பெயரால் 'சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர்'. குடும்பத்தோடு பணியாற்றுவது இவர்களுடைய பயிற்சியின் மையத்திலேயே இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1970களிலிருந்து குடும்ப மனநலப் பிரிவு வளர்ந்திருப்பதும், அங்கே இத்துறையினர் குடும்பச் சிகிச்சையில் பயிற்சி பெறுவதும் குறிப்பிடத்தக்கவை. இரண்டாவது, மருத்துவ உளவியலாளர். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் இவர்கள் பெயர் இருக்கவேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது எவ்வகையிலும் அவமரியாதையன்று. மூன்றாவது, மனநல மருத்துவர். மருந்தெழுதும் அதிகாரம் உடையவர். இவர்களுள் சிலர் குடும்பச் சிகிச்சையும் பயின்றிருக்கிறார்கள்.

விருத்தாசலத்தில் முதற்படி அரசு மருத்துவமனையே. 1982இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின் தொடர்ச்சியாக 1996 முதல் நடைமுறைக்கு வந்த மாவட்ட மனநலத் திட்டம், மாவட்டத் தலைநகரோடு நில்லாமல் சிற்றூர்களுக்கும் சென்று சேர வேண்டும் என்னும் நோக்கமுடையது; அக்குழு எந்த நாளில் எங்கே வருகிறது என்பதை மருத்துவமனையில் விசாரித்தறிந்துகொள்ளவேண்டும். அடுத்த படி மருத்துவக் கல்லூரிகள். சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையும் இருக்கின்றன. புதுச்சேரியில் ஜிப்மரின் மனநலத் துறை இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறையை வெகுகாலமாகப் பேணிவருவது. விருத்தாசலம் இரயில் சந்திப்பாக இருப்பது இவ்விஷயத்தில் ஓர் அனுகூலம்: திருச்சி, சென்னை, சேலம், கடலூர் ஆகிய நாற்றிசைக்கும் இங்கிருந்து பாதை உண்டு. ஆயினும் வாரந்தோறும் நால்வர் கூலியை விட்டுவிட்டுப் பிரயாணம் செய்வது சிறு காரியமன்று. ஆகவே முதல் இரண்டு மூன்று சந்திப்புகளை நேரிலும், பின்னவற்றைக் காணொளி வழியிலும் வைத்துக்கொள்ள இயலுமா என்று கேட்கலாம். கட்டணமின்றி எந்நேரமும் தமிழில் பேசக்கூடிய தொலைபேசி வாயிலாக, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் இருக்கிறது. அது குடும்பச் சிகிச்சைக்கு ஈடாகாது. அண்மையில் எங்கே செல்லலாமென்று கேட்டறிவதற்கும், நெருக்கடியான இரவில் ஒரு குரலைக் கேட்பதற்கும் அது உதவும்.

7. தேர்ந்தெடுக்கும் பரீட்சை

வாயிலை அடைந்தபின், உள்ளே இருப்பவர் நாம் தேடியவர்தானா என்று அறிவது எப்படி? பட்டத்தின் பெயரைவிடச் சில கேள்விகளுக்கு அவர் அளிக்கும் விடையே நல்ல பிரமாணம். "முதல் தடவை யாரையெல்லாம் அழைத்து வரவேண்டும்?" என்று கேட்டால், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், முடிவு எடுப்பவர் யார், தாய்மாமன் பக்கத்தில் இருக்கிறாரா என்று அவர் திருப்பிக் கேட்பாரானால் அது நல்ல அடையாளம். குடும்பச் சிகிச்சையை யாரிடம், எத்தனை காலம் பயின்றார், மூத்தவர் ஒருவர் பார்த்திருக்கத் தாம் சிகிச்சை நடத்திய அனுபவம் உண்டா என்று கேட்கலாம். கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து குரு கவனித்துத் திருத்தும் சம்பிரதாயம் இம்முறையின் பயிற்சியில் பிரிக்கமுடியாத அங்கம். எத்தனை சந்திப்புகள், என்ன குறிக்கோள், மாற்றம் தெரியாவிட்டால் என்ன செய்வது என்பவற்றை அவர் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஒருவர் தனியே சொன்னதை மற்றவரிடம் சொல்வாரா என்பதையும் தெளிவாகப் பேசிக்கொள்ளவேண்டும். சிற்றூரில் இது அற்ப விஷயமன்று. கடைத்தெருவில் மறுநாள் சந்திக்கப்போகிறவர்களிடம் அந்தரங்கத்தை ஒப்படைப்பது எளிதன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுவோரின் இரகசியத்தைக் காப்பதை அவர்களுடைய உரிமையாக்கியிருக்கிறது.

முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும் அடையாளங்களும் உண்டு. ஒரு மணி நேரமும் தாமே பேசி நீதி வழங்குபவர், வீட்டின் தலைவர் ஒருவரை மட்டும் பார்த்துப் பேசுபவர், சாதியையும் ஜாதகத்தையும் காரணமாகக் காட்டுபவர், எல்லாவற்றுக்கும் பெண்ணைப் பொறுத்துப்போகச் சொல்பவர் ஆகியோர் எத்தனை பட்டம் பெற்றவராயினும் இத்தொழிலுக்குரியவர் அல்லர். வெளியே வரும்போது, நால்வரில் எவரேனும் ஒருவர் "நம்ம சொன்னதையும் காது குடுத்துக் கேட்டாங்க" என்று சொல்லக்கூடுமானால், மறுமுறை செல்வதற்கு அது போதிய காரணம்.

8. ஊரிலேயே உருவாக்குதல்

இத்தனைக்குப் பின்னும், தேடுவோரின் தொகைக்குச் சிகிச்சையாளர் போதமாட்டார் என்பது உண்மை. 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலத் தொல்லை உடையவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறாமலிருப்பதைக் காட்டியது. இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. நகரத்திலிருந்து நிபுணர்கள் வந்து இக்குறையைத் தீர்ப்பார்கள் என்று காத்திருப்பது வீண்.

இங்கே மினூச்சினின் சரித்திரத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஓர் அத்தியாயம் நமக்கு வழிகாட்டுகிறது. 1960களின் இறுதியில் அவரும் ஜே ஹேலியும் பிராலியோ மொண்டால்வோவும் பிலடெல்ஃபியாவின் ஏழைக் கறுப்பின மக்களிடையே, கல்லூரிப் படிப்பில்லாதவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களையே குடும்பச் சிகிச்சையாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பயிற்சி பெறுபவர் சிகிச்சை நடத்தும்போதே ஆசிரியர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கவனித்து, வேண்டியபோது குறுக்கிட்டுத் திருத்தும் நேரடி மேற்பார்வை இம்முயற்சியில் உரம் பெற்றது. இன்று நிபுணர்களின் வித்தையென்று நாம் தூரத்தில் வைத்திருக்கும் இம்முறை, தெருவிலுள்ளவர்களுக்குக் கற்பிக்கும் நோக்கத்தோடு ஒரு காலத்தில் எளிமையாக்கப்பட்டது.

நம் நாட்டு அனுபவமும் இதற்குச் சாட்சி கூறுகிறது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்தார். கோவாவில் சங்காத் என்னும் தொண்டு நிறுவனம், மருத்துவப் பட்டமில்லாத உள்ளூர் ஆலோசகர்களைப் பயிற்றுவித்து மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிகிச்சையில் ஈடுபடுத்தியதன் பலன் 2010இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்த ரகுராம் குழுவினர், சராசரி ஆறு வாரத்தில் அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகவும், குடும்பத்தாரும் முன்னேற்றத்தை உணர்ந்ததாகவும் 2002இல் எழுதினர். சிறிய ஆராய்ச்சிதான், ஆயினும் அச்சமற்ற, ஆதரவான ஓர் இடத்தின் வலிமையை அது காட்டுகிறது. அதற்கு முந்திய ஆண்டில், 2001 ஆகஸ்டு 6 அன்று, நம்பிக்கைத் தலமாகிய ஏர்வாடியில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்ட கொடுமையையும் இதே மூச்சில் நினைக்கவேண்டும். நம்பிக்கையின் இடமானாலும், மேற்பார்வை இல்லாவிடில் அது ஆபத்தாகிவிடும்.

ஆகவே என் யோசனை இது. சமூகப் பணி பயின்று வேலையின்றி இருக்கும் இளைஞர்களும், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் சுய உதவிக் குழுக்களிலும் பணியாற்றும் பெண்களும் இவ்வட்டாரத்தில் இருக்கிறார்கள். எந்த வீட்டில் எந்த நாற்காலி காலியென்பதை அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுள் சிலரைத் தேர்ந்தெடுத்து, மருத்துவக் கல்லூரியொன்றின் மேற்பார்வையில் ஓராண்டு முறையாகப் பயிற்றுவித்து, அரசு மருத்துவமனையின் ஓர் அறையில் வாரம் இரண்டு மாலைகள் குடும்பங்களைச் சந்திக்கச் செய்யலாம். மாலையென்று சொல்வதற்குக் காரணம் உண்டு: பகலில் அழைத்தால் தந்தையர் வரமாட்டார்கள்; தந்தையர் வராத குடும்பச் சிகிச்சையில், தாய்மாரின்மேல் இன்னொரு பாரத்தைத்தான் ஏற்றுகிறோம். காவல் நிலையமும் கோயிலும் பள்ளியும், தம்மிடம் வருபவற்றுள் வன்முறை இல்லாத துயரங்களை அவ்வறைக்கு அனுப்பிவைக்கலாம்.

9. முடிவுரை

களிமண்ணுக்கென்று ஒரு தொழிற்பேட்டையும், அதன் வித்தையைக் கற்பிக்க அரசின் செராமிக் தொழில்நுட்பப் பயிலகமும் விருத்தாசலத்தில் உண்டு. பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்யும் கைகளுக்குப் பயிற்சி வேண்டும், பார்த்துத் திருத்தும் ஆசிரியர் வேண்டும் என்பதை இவ்வூர் நெடுநாளாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. மனிதர் ஒருவரோடொருவர் இணையும் இடத்தைப் பார்க்கத் தெரிந்த கைகளும் அவ்வாறே பயிற்றப்படவேண்டியவை.

மணவாளநல்லூரில் பிராது எழுதுபவரிடம் எவரும் தர்க்கிக்க வேண்டியதில்லை. தன் துயரத்தை எழுத்தில் வைத்து ஒரு பெரிய சக்தியினிடம் ஒப்படைக்கும் மனம் உதவியை நாடத் துணிந்த மனம். சிகிச்சையின் முதற்படியும் அந்தத் துணிவே. அந்தக் காகிதத்தில் வாதியாகவும் பிரதிவாதியாகவும் பெயர் எழுதப்பட்டவர்கள், மூன்று நாற்காலிகளையும் ஒரு பாட்டியின் ஆசனத்தையும் கொண்ட ஓர் அறையில் ஒருவரையொருவர் பார்த்து உட்காரும் நாள் வரவேண்டும். அந்த அறை அவர்கள் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கோரிக்கை.